கடைசிப் பக்கத்தின் அடிவரி

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "குடி அரசு யாருக்குச் சொந்தம், தோழர்?" பெரியாருக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தப் பதில் பத்தாது என்று தோன்றியது.

1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் அந்த வார இதழ் தொடங்கியது. பெரியார் அப்போது காங்கிரஸ்காரர். திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் தொடங்கி வைத்தார். கோட்டும் சூட்டும் போட்ட சென்னைப் பத்திரிகைகளுக்கு நடுவில் மஞ்சளும் பருத்தியும் விற்கிற ஊரிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை. பணம் ஈரோட்டு வணிகக் குடும்பத்துப் பணம். விளம்பரக்காரரையோ ஜமீன்தாரையோ அண்டிப் பிழைக்கவில்லை என்பதால்தான் அது அவ்வளவு துணிந்து பேசியது என்பது எங்கள் கருத்து. 1927 டிசம்பரில் ஆசிரியர் பெயரிலிருந்து 'நாயக்கர்' போனது. அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' உரையைத் தமிழில் கொண்டுவந்ததும் அதே இதழ்தான்.

ஆனால் அன்றைய சட்டத்துக்குச் சொந்தக்காரர் என்பவர் வேறு ஆள். ஒவ்வொரு இதழிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் இருக்க வேண்டும் என்றது 1867ஆம் ஆண்டுச் சட்டம். வழக்கு வந்தால் அந்தப் பெயருக்கு உரியவர்தான் கூண்டில் ஏற வேண்டும். 1931 டிசம்பரில் பெரியார் ஐரோப்பா போனபோது குடி அரசைக் காத்தவர் நாகம்மையார். 1933 மே மாதம் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி, இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டு ஒரு தலையங்கம் வந்தது. எழுதியவர் பெரியார். ராஜத் துரோக வழக்கில் அவரோடு வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும் கைதானார். வழக்கு நடந்தது நம் கோயமுத்தூரில். இருவரும் சிறை சென்றார்கள். பெரியார் சிறை போன கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணம்மாள் பெயரை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

அரசு ஜாமீன் கேட்டு நெருக்கியது. குடி அரசு நின்றது, 'புரட்சி' வந்தது. புரட்சி நின்றது, 'பகுத்தறிவு' வந்தது. 1935 ஜனவரியில் மறுபடியும் குடி அரசு. பெயரைப் பறித்தாலும் வாசகர் கூட்டத்தை அவர்களால் பறிக்க முடியவில்லை. 1949இல் இதழ் நின்றது.

சொந்தம் யாருக்கு என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை. 1925 முதல் 1938 வரை குடி அரசில் வந்த பெரியாரின் எழுத்தையும் பேச்சையும் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் 2008இல் முனைந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் உரிமை தங்களுடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. பெரியார் எழுத்துரிமையை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று, 2009இல் நீதிபதி கே. சந்துரு தடை கொடுக்க மறுத்தார். 2010இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதை ஏற்றது. தொகுதிகள் வெளிவந்தன. ஒரே ஆசானின் மாணவர்கள் எதிரெதிரே நின்றது வருத்தம்தான். ஆனாலும் பழைய தாள்களைத் தேடி எடுத்து எழுத்தெழுத்தாகக் கோத்தவர்களின் உழைப்பு இல்லையென்றால் சண்டை போடவே எதுவும் இருந்திருக்காது.

இங்கே நம் ஆட்களின் பத்திரிகையையும் சொல்ல வேண்டும். நீலகிரியில் வளர்ந்த அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19இல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஈரோட்டு மண்டி மாதிரி ஒரு பின்பலம் அவருக்குக் கிடையாது. கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கி வேலை செய்தவர்கள் சந்தா கட்டினார்கள். பண்டிதர் 1914இல் இறந்த பிறகு, தங்கவயலில்தான் தமிழன் பின்னாளில் மறுபிறப்பு எடுத்தது. பழைய இதழ்களைக் கட்டுக்கட்டாகக் காத்து வைத்ததும் அப்படிப்பட்ட எளிய குடும்பங்களே. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் பண்டிதரை நாம் படிக்கிறோம். எண்பத்தைந்து ஆண்டுகள்! அவ்வளவு காலம் திராவிட இயக்க வரலாறு அவர் பெயரை ஓரமாகவே வைத்திருந்தது.

போன மாதம் கோவையில் ஒரு அருந்ததியர் குடியிருப்பில், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் 1990களில் நடத்திய சிற்றிதழைத் தேடிப் போனோம். நடத்திய அண்ணன் பரணில் ஏறி ஒரு உரச்சாக்கை இறக்கினார். பாதியைக் கரையான் தின்றிருந்தது. தேறியவை மூன்று பிரதிகள். மூன்றிலும் கடைசித் தாள் இல்லை. யார் பெயரில் வெளியிட்டீர்கள் என்று கேட்டோம்.

"எங்கம்மா பேருல போட்டோம் தம்பி. எனக்கு அப்ப வயசு பத்தல."

அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். படிக்கத் தெரியாதவர். போலீஸ் ஒருமுறை வீட்டுக்கு வந்து விசாரித்ததை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். மூன்று பிரதிகளையும் ஸ்கேன் செய்துவிட்டோம். அடுத்த ஞாயிறு வட்டத்துக்கு அம்மாவும் வருகிறார்.