உறைந்த தேன் கலப்படமா? பேச்சிப்பாறை ரப்பர் தேனை ஒயின் போல ருசிப்பது எப்படி?

சின்னத் தோட்டம் ஒன்றின் ரெட் ஒயினை ருசிப்பவர்கள் எடுத்ததும் குடித்துவிட மாட்டார்கள். நிறம் பார்ப்பார்கள், முகர்வார்கள், ஒரு வாய் எடுத்து நாக்கில் நிறுத்துவார்கள். விளைந்த மண்ணின் குணம் அதில் தெரியும் என்பார்கள். அப்படி நிதானமாக ருசிக்க வேண்டிய ஒன்று நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கிறது. அதுதான் பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தேன். ஆனால் பாட்டிலில் அது கட்டியானதும், "சீனிப்பாகு கலந்துட்டாங்க" என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இது சரியா?

ரப்பர் மரத்தில் தேனா?

ஆமாம். ஆனால் இது பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் இலையுதிர்த்து, ஜனவரி வாக்கில் மறுபடி துளிர்க்கும். மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீக்கள் அதைத்தான் எடுக்கின்றன. அந்த சீசனில் தோட்டங்களுக்குள் தேனீப் பெட்டிகளை வரிசையாகப் பார்க்கலாம்.

மாவட்டத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மூலம் பரவியது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஏன் உறைகிறது?

தேனில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டு முக்கிய சர்க்கரைகள் உண்டு. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரம் மணல் மணலாக உறையும். ரப்பர் தேன் அந்த ரகம். ஆக, உறைவது கலப்படத்துக்கு அடையாளம் இல்லை.

ருசிப்பது எப்படி?

* கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ரப்பர் தேன் பொதுவாக வெளிர் பொன்னிறம்.
* முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் ஈரப்பதம் கூடி, தேன் நொதிக்கத் தொடங்கியிருக்கலாம்.
* கால் ஸ்பூன் எடுத்து உடனே விழுங்காமல் நாக்கில் கரைய விடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு மணம், கடைசியில் தொண்டையில் தங்கும் சுவை என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள்.
* தண்ணீர் குடித்துவிட்டு வேறொரு தேனைச் சுவைத்தால் வித்தியாசம் புரியும்.

கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது என்பதே உண்மை. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருதா என்று பார்ப்பது எதையும் நம்ப முடியாது. 2020-ல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 13 பிராண்டு தேன்களை ஜெர்மனி ஆய்வகத்துக்கு அனுப்பி என்.எம்.ஆர். சோதனை செய்தது. அதில் 10 தேறவில்லை. சாதாரண சோதனைகளில் சிக்காத சர்க்கரைப் பாகுகள் இருப்பதாக அந்த மையம் சொன்னது. பாட்டிலில் பளபளவென்று உறையாமல் இருப்பதாலேயே ஒரு தேன் சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது.

கவனிக்க வேண்டியவை

உறைந்த தேனை அடுப்பில் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தாலே மெல்ல இளகும். அப்படியே ஸ்பூனில் எடுத்தும் சாப்பிடலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு எந்தத் தேனும் கொடுக்கக் கூடாது.

வாங்கும்போது எந்த மரத்துத் தேன், எந்த மாதம் எடுத்தது என்று கேளுங்கள். பெட்டி வைத்திருப்பவருக்கு இதற்குப் பதில் தெரியும். உறைந்த பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அவர் உழைப்பைச் சந்தேகப்படுவதை இனியாவது தவிர்க்கலாம்.