ஒரே பிரேமில் இரண்டு வெளிச்சங்கள்

கமராக்களின் வரலாற்றை எழுதியவர்கள் வில்லைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் இங்கு சொல்லப்போவது அவர்கள் ஒரு வரியில் கடந்து செல்லும் சிறிய நெம்புகோல் ஒன்றின் கதையை. நடுத்தர அளவுப் படம் எடுக்கும் 120 பிலிம் கமராக்கள் பலவற்றின் பக்கவாட்டில் அது இருக்கும். பிலிமை நகர்த்தாமல் ஷட்டரை மட்டும் மீண்டும் இயக்க அது உதவும். ஒரே பிரேமில் இரண்டு தடவையோ பத்துத் தடவையோ படம் எடுக்கலாம். ஸ்டூடியோக்காரர்கள் இதனை ‘டபிள் எக்ஸ்போஷர்’ என்பார்கள். நாம் இரட்டைப் பதிவு என்று சொல்வோம்.

கொடாக் நிறுவனம் 1901இல் இரண்டாம் இலக்க ‘பிரௌனி’ பெட்டிக் கமராவுக்காக 120 பிலிமை வெளியிட்டது. பிலிமின் பின்புறத்தில் ஒரு கடதாசி ஒட்டிச் சுருட்டப்பட்டிருக்கும். அந்தக் கடதாசியில் அச்சிட்ட இலக்கம் கமராவின் முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் தெரியும்வரை கையால் திருகவேண்டும். ஷட்டருக்கும் இந்தத் திருகலுக்கும் எவ்விதத் தொடர்பும் கிடையாது. திருக மறந்தால் முன்னைய படத்தின் மீதே அடுத்த படமும் விழும். கடற்கரையில் நிற்கும் குழந்தையின் நெஞ்சுக்குள் பாட்டியின் முகம் தெரியும் பழைய படங்கள் எத்தனையோ குடும்ப அல்பங்களில் உள்ளன.

இந்தப் பிழையை ஒழிப்பதில் ஜேர்மனியின் பிரவுன்ஸ்வைக் நகரில் இயங்கிய பிராங்க - ஹைடெக்க நிறுவனம் முன்னின்றது. 1929இல் ரொலிபிளெக்ஸ் என்ற இரட்டை வில்லைக் கமராவை வெளியிட்ட அந்நிறுவனம், 1937இல் ‘ஒட்டோமட்’ என்ற மாதிரியில் பிலிமை நகர்த்தும் கைப்பிடியையும் ஷட்டரைத் தயார்ப்படுத்தும் பொறியையும் ஒன்றாக இணைத்தது. பிலிம் நகராமல் ஷட்டர் தயாராகாது. பிழை செய்யவே இடமில்லை என்பது பெரும் வசதிதான். ஆனால் வேண்டுமென்றே அந்தப் பிழையைச் செய்ய விரும்பியவர்களும் இருந்தார்கள். ஆகவே பின்னாளில் வந்த ரொலிபிளெக்ஸ் கமராக்களில், இணைப்பைத் துண்டித்துக் கைப்பிடியைப் பின்னோக்கித் திருப்பும் வழியை அதே நிறுவனம் அமைத்துக்கொடுக்க நேர்ந்தது.

இவ்வளவு தேவை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, பிலிமுக்கு முந்திய கண்ணாடித் தகடுகளின் காலத்துக்குப் போகவேண்டும். ஸ்கொட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்ரர் 1856இல் வெளியிட்ட நூலில், ஓர் உருவம் சில விநாடிகள் மட்டும் கமராவின் முன் நின்று விலகினால் அது பேய்போல ஒளி ஊடுருவும் வண்ணம் பதியும் என்று வேடிக்கையாக எழுதியிருந்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் நகைகளில் செதுக்கு வேலை செய்துவந்த வில்லியம் மம்லர், இறந்தவர்களின் ஆவியைப் படமெடுத்துத் தருவதாகக் கூறித் தொழில் தொடங்கினார். அது உள்நாட்டுப் போர்க்காலம். பிள்ளைகளை இழந்த தாய்மாரும் கணவரை இழந்த பெண்களும் பணத்துடன் வந்தார்கள். 1869இல் நியூயோர்க் நீதிமன்றில் அவர்மீது மோசடி வழக்கு நடந்தது. சர்க்கஸ் புகழ் பி.ரி. பார்னம் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். தன் பின்னால் ஆபிரகாம் லிங்கனின் ஆவி நிற்பதுபோல வேறொரு புகைப்படக்காரரைக் கொண்டு எடுப்பித்த படத்தையும் மன்றில் காட்டினார். இத்தகைய படங்களைச் செய்யக்கூடிய வழிகளைத் தொழில் தெரிந்தவர்கள் வரிசையாக விளக்கினார்கள். இரட்டைப் பதிவும் அவற்றுள் ஒன்று. ஆனால் மம்லர் கையாண்ட வழி எது என்பதை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. அவர் விடுவிக்கப்பட்டார். சில ஆண்டுகளின் பின் லிங்கனின் மனைவியே அவரிடம் சென்று, கணவரின் ‘ஆவி’ தோளில் கைவைத்து நிற்கும் படத்தை எடுத்துக்கொண்டார். துயரத்தை விற்பனைப் பொருளாக்கிய இத்தகையவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

பத்திரிகைத் தொழிலில் ஒரு படத்தின்மீது ஐயம் எழுந்தால் ‘நெகட்டிவைக் காட்டு’ என்று கேட்பது பழைய வழக்கம். அச்சுப்படத்தில் ஒட்டுவேலை செய்யலாம், நெகட்டிவ் பொய் சொல்லாது என்பது நம்பிக்கை. இரட்டைப் பதிவில் அந்த நம்பிக்கை தடுமாறுகிறது. அங்கே நெகட்டிவ் முற்றிலும் அசலானது. அதன்மீது எவரும் கைவைக்கவில்லை. ஆனால் அது காட்டும் காட்சி எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் நிகழவில்லை. இதற்கு நேர்மாறான விபரீதமும் நடந்தது. இங்கிலாந்தின் கொட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் 1917இல் எடுத்த தேவதைப் படங்களை ஆராய்ந்த நிபுணர் ஒருவர், இவை ஒரே தடவை ஒளிபட்ட நெகட்டிவ்கள், இரட்டைப் பதிவல்ல என்று சான்றளித்தார். அவர் சொன்னது சரிதான். தேவதைகள்தாம் கடதாசியில் வெட்டிய உருவங்கள்! ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் 1920இல் அவற்றை உண்மையென நம்பி எழுதினார். சிறுமிகள் மூதாட்டிகளான பின், 1983இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

இதே உத்தியை அறிவியலுக்குப் பயன்படுத்தியவர் பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே. 1882 முதல் கரிய பின்னணியின் முன்னே வெள்ளுடை அணிந்த மனிதர்களை நடக்கவும் ஓடவும் விட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதிவு செய்தார். கரிய பின்னணியில்தான் சூட்சுமம் இருக்கிறது. பிலிமில் ஒளி கூடிக்கொண்டேதான் போகும், ஒருபோதும் கழியாது. முதற்பதிவில் இருளாக விடப்பட்ட இடமே இரண்டாவது படத்துக்கான வெற்றுத்தாள். வெளிச்சமான வானத்தின்மீது எதைப் பதித்தாலும் அது கரைந்துவிடும்.

கணக்கும் எளியது. இரண்டு பதிவுகள் ஒன்றன்மீது ஒன்று விழுவதாயின் ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஒளியில் பாதி, நான்காயின் கால்வாசி. அதாவது 100 வேகமுள்ள பிலிமை இரண்டு பதிவுக்கு 200 என்றும், நான்குக்கு 400 என்றும் எண்ணிக்கொண்டு அளக்கவேண்டும். பின்னணி முழு இருட்டாக இருந்து உருவங்கள் ஒன்றையொன்று தொடாவிட்டால் இந்தக் குறைப்புத் தேவையில்லை. ஹசல்பிளாட் போன்ற கமராக்களில் பிலிம் பெட்டி தனியே கழரும். ஒரு படம் எடுத்ததும் மறைப்புத் தகட்டைச் செருகிப் பெட்டியைக் கழற்றி, கமராவை மட்டும் திருகி, மறுபடி மாட்டினால் அதே பிரேம் காத்திருக்கும். முழுநிலவை இன்றிரவு பதிந்துவைத்து, அதன் கீழே நாளை மாலை ஒரு கோபுரத்தைப் பதிக்கலாம். மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடித் திரையில் நிலவின் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. அத்திரையில் இடம் வலமாகத் தெரியும் என்பதை மறக்கவும் கூடாது.

இந்த உத்தியைக் கவிதையாக்கியவர் என்று நான் கருதுவது அமெரிக்கரான ஹரி கலஹனை. டிட்ரோயிட்டில் கிறைஸ்லர் மோட்டார் நிறுவனத்தில் வேலை செய்த அவர், 1938இல் ரொலிகோர்ட் என்ற 120 பிலிம் கமராவை வாங்கித் தாமாகவே தொழிலைக் கற்றார். 1946இல் சிக்காகோவின் வடிவமைப்புக் கல்லூரியில் அவரை ஆசிரியராக்கியவர் மொஹோலி நொஜ். மரங்களையும் தெருக்களையும் ஒன்றன்மீது ஒன்று பதித்த கலஹன், தம் மனைவி எலினோரின் உடலைப் புல்வெளிகளோடும் காடுகளோடும் ஒரே நெகட்டிவில் கலந்தார். மம்லரின் படத்தில் இரண்டாவது உருவம் நம்மை ஏமாற்ற வருகிறது. கலஹனின் படத்தில் இரண்டும் தம்மை மறைப்பதில்லை. எது பெண், எது நிலம் என்று பிரிக்கவேண்டிய அவசியமும் நமக்கு எழுவதில்லை. 1999இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 100,000 நெகட்டிவ்கள் எஞ்சியிருந்தன. ஆண்டொன்றுக்குத் தேறுவது ஆறு படங்களே என்பது அவரது சொந்த மதிப்பீடு.

நம் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களுக்கும் இது புதிதல்ல. வில்லையின் பாதியை மறைத்து ஒரு பதிவு, மறுபாதியை மறைத்து இன்னொன்று. ஒரே மாப்பிள்ளை தன்னோடு தானே கைகுலுக்குவார். தமிழ்ப்படங்களின் இரட்டை வேடக் காட்சிகளுக்குப் பழைய கமராமன்கள் கையாண்ட வழியும் இதுவே. மத்திய பிரதேசத்தின் நாக்டா என்ற சிறுநகரில் இத்தகைய ஸ்டூடியோப் படங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கிறிஸ்ரோபர் பின்னி, 1997இல் ‘கமரா இன்டிகா’ என்ற நூலை வெளியிட்டார்.

ஜப்பானில் ரொலிபிளெக்ஸின் கதை மீண்டும் நடந்தது. 1970இல் வந்த மமியா ஆர்பி67 கமராவில் தடை எதுவும் இல்லை. 1974இன் மாதிரியில் தடையும் வந்தது, தடையை நீக்கும் நெம்புகோலும் கூடவே வந்தது. ஹொங்கொங்கில் 1982இல் பிறந்த ஹொல்கா என்ற மலிவுப் பிளாஸ்ரிக் கமராவோ இந்தச் சிக்கலுக்குள் போகவேயில்லை. அதில் ஷட்டரும் பிலிமும் தனித்தனி, பிரௌனிப் பெட்டியில் இருந்ததுபோலவே. முதுகில் அதே சிவப்புச் சாளரம். திருக மறப்பவர்கள் இப்போது வேண்டுமென்றே மறக்கிறார்கள்.