தீட்டும் தொற்றும்: திருவனந்தபுரத்து மகப்பேற்று வழக்கில் சில சொற்கள்

பேறு பார்க்கும் பெண்ணைத் திருவனந்தபுரத்து மலையாளம் வயற்றாட்டி என்றும் பதிச்சி என்றும் வழங்கியது. அந்நகரிலும் அதன் தெற்கிலும் வாழ்ந்த தமிழர் மருத்துவச்சி என்றனர். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின்கீழ் இருந்தமையால், இவ்விரு வழக்குகளும் பேற்றறையில் அருகருகே ஒலித்தன. கருவுற்ற காலத்திலும் பேற்றை ஒட்டியும் பெண்ணுடலில் புகும் நோயை இப்பெண்கள் எச்சொற்களைக் கொண்டு அறிந்தனர், புதிய மருத்துவம் வந்தபோது அச்சொற்கள் என்னவாயின என்னும் வினா மருத்துவ வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.

மகப்பேற்றின் தூய்மை பற்றிய தமிழ்ச் சொற்களுள் மிகப் பழையது புனிறு. ஈன்றதன் அணிமையே இதன் பொருள் எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். நற்றிணை 40ஆம் பாட்டில் இச்சொல் நாற்றத்தோடு சேர்ந்து வருகிறது. ஈன்ற பெண்ணுக்கு ஐயவியும் நெய்யும் பூசப்படுவதையும் அப்பாட்டு காட்டுகிறது. காலத்தைக் குறித்த இச்சொல் பின்னர்த் தீட்டையும் குறித்தது. வாலாமை என்பது மற்றொரு சொல். வால் என்பதற்குத் தூய்மை, வெண்மை என்பன பொருள். வாலறிவன் என்னும் குறட்சொல்லில் உள்ளதும் அதுவே. அத்தூய்மை இன்மையே வாலாமை. தமிழ்ப் பேச்சில் அருகிவிட்ட இச்சொல்லை மலையாளம் வாலாய்ம என்னும் வடிவில் இன்றும் காத்து வருகிறது. இறப்புத் தீட்டைப் புல என்றும் பிறப்புத் தீட்டை வாலாய்ம என்றும் அது பிரித்து வழங்குவது நோக்கத்தக்கது. ஈற்றில்லம் என்னும் மலையாளச் சொல்லும் ஈன் என்னும் அடியிற் பிறந்ததே. பேறு நிகழும் இடம் தனித்து வைக்கப்பட்டதை அது காட்டுகிறது.

இச்சொற்கள் யாவும் ஒரே திசையில் இயங்குகின்றன. தாயிடம் மாசு உண்டு. அதனைத் தொடுவோர் அதனைப் பெறுவர். ஆதலின் தொட்டபின் குளிக்கவேண்டும். மருத்துவச்சியும் குளித்தாள், பேறு முடிந்தபின். தொடுவதற்கு முன் அவள் கை கழுவவேண்டும் என்பதற்குத் தீட்டு என்னும் கருத்தில் இடமில்லை. இதனை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும், தாயைத் தனித்து வைத்ததால் வந்துபோவோர் குறைந்தனர். வேது என இரு மொழியிலும் வழங்கும் கொதிநீர்ச் சிகிச்சையும் உடலைத் தூய்மை செய்தது. குறை பழக்கத்தில் இருந்ததைவிட அதன் திசையில் இருந்தது எனலாம்.

ஐரோப்பாவிலும் இத்திசை எளிதில் மாறவில்லை. 1795இல் அபர்தீன் நகரத்து மருத்துவர் அலெக்சாண்டர் கோர்டன், பேறுகாலக் காய்ச்சலை மருத்துவரும் மருத்துவச்சியரும் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குக் கொண்டுசெல்கின்றனர் என எழுதினார். தம்மையும் விலக்காமல், மருத்துவச்சியரைப் பெயர் சுட்டியே எழுதினார். ஊராரின் சினத்திற்கு ஆளானார். வியன்னா பொது மருத்துவமனையில் மாணவ மருத்துவர் பயின்ற பிரிவில் 1846ஆம் ஆண்டு நூற்றுக்கு 11.4 தாய்மாரும், மருத்துவச்சியர் பயின்ற பிரிவில் 2.8 தாய்மாரும் இறந்தனர். பிணம் அறுத்த கையோடு மாணவர் பேறு பார்க்க வந்ததே இதற்குக் காரணம் எனக் கண்ட இக்னாசு செம்மல்வைசு, 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். மாசு தாயிடமிருந்து வெளியே செல்வதன்று, தொடுவோர் கையிலிருந்து தாய்க்குள் செல்வது என்பதே இக்கண்டுபிடிப்பின் சாரம். மருத்துவர்க்கு அது அறிவாக அன்றி இழிவாகவே தோன்றியது.

அதே 1847இல்தான் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அவர், மான்செலின் மகப்பேற்று நூலைப் 'பிரசவ வைத்தியம்' எனத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். மூலநூலான டப்ளின் மகப்பேற்று முறை 1834இல் தோன்றியது; செம்மல்வைசுக்குப் பதின்மூன்று ஆண்டு முற்பட்டது. எனவே தமிழில் மேலை மகப்பேற்றியல் நூல் வந்தபோதும் கை பற்றிய புதிய அறிவு உடன்வரவில்லை. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. மூலம் தேர்ந்த காலத்தின் குறை.

திருவனந்தபுரத்தில் திருப்பம் ஏற்பட்டது தைக்காட்டு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில். இலண்டனில் மருத்துவப் பட்டமும் டப்ளின் ரொட்டண்டா மருத்துவமனையில் மகப்பேற்றியற் பயிற்சியும் பெற்ற மேரி புன்னன் லூக்கோஸ் 1916இல் அங்குப் பொறுப்பேற்றார். 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார். அக்காலத்தில் பேறுகள் பெரும்பாலும் வீட்டில், வயற்றாட்டி கையிலேயே நிகழ்ந்தன. அவர்களை எதிர்த்து நிற்காமல், அவர்தம் ஆதரவைப் பெறும் பொருட்டு, அவர்களுடைய மக்களுக்கே மகப்பேற்றுப் பயிற்சி அளிக்க அவர் ஏற்பாடு செய்தார். கோர்டனின் வழியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கை நோய் கொண்டுசெல்லும் என்று தாய்க்குச் சொன்னால் அது பழி. மகளுக்குக் கற்பித்தால் தொழில். தாயின் சொற்களை அறிந்த மகள் அவற்றிற்குப் புதிய பொருளையும் கற்றாள் எனின், இதைவிடச் சிறந்த மொழிபெயர்ப்பு வேறில்லை.

நோயை இனங்காணும் சொற்களில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. சன்னி என்பது காய்ச்சலின் பிதற்றலையும் உடல் வலிப்பையும் ஒருங்கே குறித்தது. நஞ்சேறிய கருப்பையின் காய்ச்சலுக்கும், குருதி அழுத்தம் மிகுந்து வரும் பேறுகால வலிப்புக்கும், புண்வழி நுழையும் இசிவுநோய்க்கும் மருத்துவம் வெவ்வேறு, சொல்லோ ஒன்று. மேகம் என்பதும் அத்தகையதே. கிரந்திப்புண்ணை மலையாளம் பறங்கிப்புண் என அயலார் பெயரால் சுட்டிற்று. கரு அடுத்தடுத்துச் சிதைந்தால் பெண்ணின் ஊழ் எனக் கருதப்பட்டது. 1906இல் வாசர்மன் குருதிச் சோதனை வந்தபின், கருச்சிதைவின் காரணங்களுள் ஒன்றான கிரந்தியைப் பெண் கூறாமலே அறிய முடிந்தது. 1940களில் பெனிசிலின் வந்தபின், கருவிலுள்ள குழந்தையையும் அதனின்று காக்க முடிந்தது.

சோதனை வந்தும் சொல்லின் தேவை நீங்கவில்லை. கருவுற்ற பெண் சிறுநீர் எரிகிறது என்றால் தமிழில் நீர்க்கடுப்பு, மலையாளத்தில் மூத்ரப்பழுப்பு. இங்குப் பழுப்பு என்பது சீழ். தமிழர் அதனை நிறமாகக் கொள்ளக்கூடும். கடுப்பு என்னும் தமிழ்ச்சொல் உணர்வைச் சொல்கிறது. உணர்வே இல்லாமல் சிறுநீரில் கிருமி பெருகும் நிலைக்கு அதில் இடமில்லை. அந்நிலையே சிறுநீரகத்தைத் தாக்கிக் குறைப்பேற்றிற்கும் வழிசெய்யக்கூடும் என்பதால்தான், நோவு இல்லாதபோதும் சிறுநீர் சோதிக்கப்படுகிறது.

இதனினும் அரியது வெள்ள, வெள்ளம் என்னும் இணை. மலையாளத்தில் வெள்ள என்பது வெண்மை. வெள்ளம் என்பது நீர். இரண்டும் போகுக என்னும் வினையையே ஏற்கும். 'வெள்ள போகுன்னு' என்றால் வெள்ளைபடுதல். 'வெள்ளம் போகுன்னு' என்றால் பனிக்குடத்து நீர் கசிதல். இடையில் உள்ளது ஒரு மகர மெய். முன்னது பெரும்பாலும் இயல்பான கசிவு. நாற்றம், நிற மாற்றம், அரிப்பு சேர்ந்தால் மட்டுமே நோய். பின்னதில் குடம் உடைந்து நேரம் செல்லச்செல்ல, கிருமி கருப்பைக்குள் ஏறும் இடர் மிகும். தாய்க்குக் காய்ச்சல், கசியும் நீரில் கெட்ட நாற்றம், குழந்தையின் இதயத்துடிப்பு விரைதல் ஆகியன அதன் அடையாளங்கள். தமிழ்ச் செவிலி வெள்ளம் என்பதைப் பெருக்கு எனக் கொண்டால், சில துளிக் கசிவைப் பொருட்படுத்தாது விடுதல் கூடும். தேர்ந்த மருத்துவச்சி சொல்லை நம்பி நிற்பதில்லை. துணியைப் பார்ப்பாள், முகர்ந்தும் பார்ப்பாள். புனிறு என்னும் சொல்லோடு சங்கப் புலவர் சேர்த்த நாற்றம் இங்கே நோயறி கருவியாகிறது.

இன்று மருத்துவமனைச் சுவரில் தமிழ் நோய்த்தொற்று என்றும் மலையாளம் அணுபாத என்றும் எழுதுகின்றன. தொற்று என்பது பற்றி ஏறுதல். ஒட்டுவாரொட்டி என்னும் பழைய வழக்கிற்கு அணுக்கமானது. அதில் ஒருவரிடமிருந்து ஒருவர்க்கு என்னும் குறிப்பு உண்டு. அணுபாதவிலுள்ள பாத, பேய் பிடித்தலையும் குறிக்கும் சொல். அணு வெளியிலிருந்து உடலினுட் புகுந்து பீடிக்கிறது என்பது அதன் உட்கருத்து. கை கழுவச் சொல்வதற்குத் தமிழ்ச்சொல் துணைநிற்கிறது. காய்ச்சலுற்ற தாயிடம் இது உன்னிடமிருந்து பிறந்த மாசன்று எனச் சொல்வதற்கு மலையாளச் சொல்லே பொருந்துகிறது.