மோதிவிட்டு ஓடும் வாகனங்கள்: செங்கல்பட்டும் மாமல்லைக் கடற்கரையும்

வாகனத்தைச் செலுத்துபவர் ஒருவர் மீது மோதிக் காயமோ மரணமோ விளைவித்த பின்னர், நின்று உதவாமலும், தாம் இன்னார் என்று அறிவிக்காமலும் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடும் குற்றம் ‘மோதிவிட்டு ஓடுதல்’ எனப்படும். மோதலும் ஓட்டமும் ஒரே மூச்சில் பேசப்பட்டாலும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது அஜாக்கிரதையாலோ, இருளாலோ, எவராலும் தவிர்க்கவியலாத சந்தர்ப்பத்தாலோ நேரலாம். பின்னதோ, தெருவில் ஒரு மனிதர் கிடக்கிறார் என்று தெரிந்த பிறகு செய்துகொள்ளும் தீர்மானம். தமிழ்ச் செய்தித்தாள்கள் இதனை நெடுங்காலமாக ‘அடையாளம் தெரியாத வாகனம் மோதி’ என்ற தொடராலேயே குறித்து வருகின்றன. அத்தொடரில் வாகனம் இருக்கிறது, மாண்டவர் இருக்கிறார். ஓட்டியவருக்கு மட்டும் இடமில்லை.

சென்னைப் பெருநகரத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் மூன்று பெருஞ்சாலைகளும், 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தினின்றும் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் வழியாகவே செல்கின்றன. தாம்பரம், வண்டலூர், சிங்கப்பெருமாள் கோயில், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று தென்மேற்காகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை, தென்மாவட்டங்களின் சரக்கும் பிரயாணிகளும் தலைநகரை அடையும் பிரதான வழி. பழைய மாமல்லபுரம் சாலை கேளம்பாக்கம், திருப்போரூர் வழியே வந்து பூஞ்சேரியருகே கடற்கரைப் பாதையோடு கூடுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோ முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்னும் ஊர்களைத் தொட்டுக்கொண்டு மாமல்லபுரத்தை அடைந்து, கல்பாக்கத்தையும் கடந்து புதுச்சேரி வரை நீள்கிறது.

இம்மூன்றிலும் கடற்கரைச் சாலையின் அமைப்பு தனியே கவனிக்கத்தக்கது. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயும் எல்லையாக அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பின்மேல், மீனவர் குப்பங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே அது ஓடுகிறது. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாகவே செல்லவேண்டும் என்ற விதி இருப்பதால், வடக்கே சென்னைக்குப் போகும் பேருந்து சாலையின் மேற்கோரத்திலேதான் நிற்கும். ஆகவே, கடலோரக் குப்பத்திலிருந்து மீன்கூடையைத் தலையில் ஏந்திக்கொண்டு விடியுமுன் புறப்படும் பெண்ணொருத்தி, அந்தச் சாலையின் முழு அகலத்தையும் குறுக்கே கடந்தாக வேண்டும். உல்லாசப் பிரயாணத்துக்கு ஏற்ற நேர்வழி என்று நகரத்தார் எதைப் போற்றுகிறார்களோ, அதுவே குப்பத்து மக்களுக்கு வீட்டு வாசலாகவும், பள்ளிக்குச் செல்லும் வழியாகவும், மாடு கடக்கும் துறையாகவும் இருக்கிறது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட மாமல்லையின் கற்கோயில்களைக் காண வார இறுதிகளில் பெருகிவரும் வாகனங்களில், இரவின் பின்யாமத்தில் வேகப் பந்தயமாடிக்கொண்டு திரும்புகின்றவையும் உண்டு. காவலர்கள் இச்சாலைகளில் அத்தகைய பந்தயங்களைத் தடுக்க அடிக்கடி சோதனை நடத்த நேர்வதே இதற்குச் சான்று.

நகரம் பெருகப் பெருக, குற்றத்தைப் பற்றிய அச்சமும் அதனுடன் பெருகுவது இயற்கை. தாம்பரம் தொடங்கிச் செங்கல்பட்டு வரை வயல்களும் ஏரிக்கரைகளும் குடியிருப்புகளாக மாறியபோது, ஒருவரையொருவர் அறியாத குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வந்து வாழத் தலைப்பட்டன. சங்கிலிப் பறிப்பும் பூட்டு உடைப்பும் அங்கு அன்றாடப் பேச்சாயின. 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கெனத் தனியே ஒரு மாநகரக் காவல் ஆணையரகம் செயற்படத் தொடங்கியது இந்த வளர்ச்சியின் விளைவேயாம். கதவுக்கு இரட்டைப் பூட்டும், வாசலுக்குக் கண்காணிப்புக் கேமராவும் அமைத்துக்கொள்ளும் குடும்பஸ்தர், மாலையில் பால் வாங்கச் சாலையைக் கடக்கும்போது தமக்குள்ள அபாயத்தை அதே அளவில் எண்ணிப் பார்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதிலும் பதிவான கொலை வழக்குகள் 28,522 என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. அதே ஆண்டில், மோதிய வாகனம் நில்லாமல் ஓடிய விபத்துகள் 67,387 என்றும், அவற்றில் மாண்டோர் 30,486 பேர் என்றும் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. கொலையாளியைக் குறித்து நாம் கொள்ளும் பயத்தில் ஒரு பாதியையேனும் நள்ளிரவில் விளக்கை அணைத்துக்கொண்டு விரையும் காரைக் குறித்தும் கொள்வது நியாயமாகும். அவ்வாண்டில் நேர்ந்த எல்லாவகைச் சாலை விபத்துகளின் மொத்த எண்ணிக்கையில், 64,105 என்ற தொகையுடன், தமிழ்நாடே மாநிலங்களுள் முதலிடம் பெற்றது.

ஓடிப்போவதற்கு ஏதுவாவது யாரும் தம்மை அறியார் என்ற நம்பிக்கை. மாட்டுவண்டி ஓடிய காலத்தில், மோதியவன் எந்த ஊரான், யாருடைய மகன் என்பது அடுத்த ஊரை அவன் எட்டுமுன்பே தெரிந்துவிடும். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஏறிச் சென்ற தேர்க்காலில் கன்று அகப்பட்டு மாண்ட வரலாற்றில், தாய்ப்பசு மணி அடித்ததையும் அரசன் அளித்த தண்டனையையுமே நாம் மிகுதியாக நினைவில் வைத்திருக்கிறோம். அந்த இளவரசன் ஓடவில்லை என்பதும், தன் செயலுக்குப் பிராயச்சித்தம் யாது என்று மனங்கலங்கி அந்தணரைத் தேடிச் சென்றான் என்பதும் பெரியபுராணத்தில் உள்ள செய்திகள். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அந்த மகனையும் அங்கே வருவோர் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

சட்டம் இக்கடமையை நெடுநாட்களுக்கு முன்பே விதித்துவிட்டது. 1914-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை நீக்கி வந்த 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், அதற்குப் பதிலாக இன்று நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் செய்யவேண்டியவை விதிக்கப்பட்டுள்ளன. பின்னதன் 134-ஆம் பிரிவின்படி அவர் காயமுற்றவரை அண்மையிலுள்ள மருத்துவரிடமோ மருத்துவமனைக்கோ சேர்ப்பிக்க வேண்டும். காவலர் எவரும் அங்கில்லையாயின், அருகிலுள்ள காவல் நிலையத்தில் விரைவாகவும், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும், விவரம் தெரிவிக்க வேண்டும். கூட்டத்தின் ஆவேசத்தால் உதவ இயலாமற்போவதும் உண்டு என்பதை அப்பிரிவு தானே ஒப்புக்கொள்கிறது. இக்கடமையில் தவறினால் விதிக்கப்படும் தண்டனை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னும், முதன்முறைக்கு ஆறு மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ அல்லது இரண்டுமோ என்ற அளவில்தான் நிற்கிறது.

இதற்கு மாறாக, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதை என்னும் தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தபின் காவல்துறைக்கோ நீதித்துறை நடுவருக்கோ அறிவிக்காமல் ஓடிய ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்கும் உட்பிரிவு ஒன்று எழுதப்பட்டது. அதனை எதிர்த்து 2024 ஜனவரித் தொடக்கத்தில் வடமாநிலங்களில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கவே, அந்த உட்பிரிவை மட்டும் விலக்கி வைத்து ஏனையவற்றுக்கு அமலாகும் தேதியை மத்திய அரசு குறித்தது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்ற ஓட்டுநரின் அச்சம் கற்பனையன்று. எரிக்கப்பட்ட லாரிகளை நெடுஞ்சாலைகளில் கண்டவர் பலர். ஆயினும் அந்த அச்சம், மோதிய இடத்தினின்றும் சற்றுத் தூரம் சென்று ஒரு காவல் நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குத் தடையாகாது. அங்கிருந்து 108 என்ற ஆம்புலன்ஸ் எண்ணை அழைப்பதற்கும் தடையாகாது. ஓட்டுநரை ஆவேசக் கூட்டத்திடமிருந்து காப்பதற்கு உறுதியான ஏற்பாடு செய்துவிட்டு, பின்னர் ஓடுவதைக் கடுமையாகத் தண்டிப்பதே ஏற்ற முறை என்று தோன்றுகிறது.

ஓடியவர் திருடிச் செல்வது முக்கியமாகக் காலத்தையே. படுகாயம் பட்டபின் கழியும் முதல் ஒரு மணி நேரத்தை உயிர்காக்கும் பொழுதாக மோட்டார் வாகனச் சட்டமே 2019 முதல் வரையறுத்திருக்கிறது. இரத்தம் பெருகிக் கிடப்பவருக்கு அதிலும் முதற்சில நிமிஷங்களே உயிரைத் தீர்மானிக்கும். பட்டப்பகலில் மோதிவிட்டு ஓடினால், மற்றொருவர் வந்து தூக்குவார். சவுக்குத் தோப்போரத்தில் இரவு இரண்டு மணிக்கு வீசியெறியப்பட்டவரைப் பார்த்தவர் மோதியவர் ஒருவரே; அவரும் போய்விட்டால், விடியற்காலையில் வரும் வேறொருவரின் கண்ணில் படும்வரை அந்த உடல் அங்கேயே கிடக்கும். இத்தகைய மரணங்கள் பலவற்றில் கொன்றது மோதலா, காத்திருப்பா என்ற கேள்விக்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் விடை தேடவேண்டியிருக்கிறது.

காயமுற்றோரைக் காக்கும் முயற்சிகள் இம்மாவட்டத்திலேயே சில உருப்பெற்றன. 1965-இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு மருத்துவமனை, ஜி.எஸ்.டி. சாலையில் அடிபட்டோரின் முதற்புகலிடமாக விளங்குகிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கிற்று. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 டிசம்பர் 18 அன்று, இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில் தொடங்கி வைத்தார். விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சையை, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும், தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். பணம் கட்டுவார் யாரென்று தெரியாத அநாதையான உடலொன்று மருத்துவமனை வாசலை அடையும்போது, இத்தகைய ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

ஓடிய வண்டியைத் தேடும் வேலை, விழுந்து கிடக்கும் சிறு பொருள்களிலிருந்தே தொடங்குகிறது. முகப்பு விளக்கின் கண்ணாடிச் சில்லு, பக்கக் கண்ணாடியின் ஓடு, உடையில் ஒட்டிய வர்ணத் துகள், தார்மேல் தேய்ந்த டயர்த் தடம் ஆகிய இவை தடய அறிவியல் ஆய்வகத்துக்குச் செல்லும். ஜி.எஸ்.டி. சாலையிலுள்ள பரனூர், ஆத்தூர் சுங்கச்சாவடிகளில் வண்டிகள் கடக்கும் நேரம் கேமராவில் பதிகிறது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் வில்லை கட்டாயமாக்கப்பட்டதால், முகப்பு நசுங்கிய லாரியொன்று எந்நேரத்தில் எச்சாவடியைத் தாண்டிற்று என்று கணக்கிட இயல்கிறது. ஆனால் சாவடியை எட்டுமுன் கிராமச் சாலையில் திரும்பிவிடும் வாகனத்துக்கு இவ்வலை பயன்படாது; அங்கே தேநீர்க் கடைக்காரரும் மாடு மேய்ப்பவருமே சாட்சிகள். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என்று அவர்கள் வாய் மூடிக்கொள்வதைக் குறைகூறுவதில் பயனில்லை. உதவ முன்வருவோரைத் துன்புறுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உத்தரவிட்டது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பாதுகாப்பு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இச்செய்தி சாலையோரக் கடைகளின் பலகைகளில் எழுதப்படும் நாளில்தான் அது முழுப்பலன் தரும்.

மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டருகே, பழைய மாமல்லபுரம் சாலையோரத்தில், 2024 நவம்பர் 27 அன்று மாடு மேய்த்துவிட்டு இளைப்பாற உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள்மேல் அதிவேகமாக வந்த கார் ஏறியதில் ஐவரும் மாண்டனர். காரில் வந்தவர்களில் சிலரை ஊரார் மடக்கிப் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்தனர். பட்டப்பகலானதாலும், அருகில் ஊர் இருந்ததாலும் அந்த வாகனம் ‘அடையாளம் தெரியாத’ வாகனமாகப் போய்விடவில்லை. அதே சாலையில், அதே இடத்தில், நள்ளிரவில் அது நேர்ந்திருக்குமாயின் என்ன ஆகியிருக்கும் என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தார் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வண்டியே அகப்படாதபோது, இழப்பீட்டு நடுவர்மன்றத்தில் வழக்காடுவதற்கு எதிர்த்தரப்பு இல்லை. இக்குறையைப் போக்க 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓர் ஆறுதல் நிதி ஏற்படுத்தப்பட்டது. அப்போது மரணத்துக்கு அளிக்கப்பட்டது 5,000 ரூபாய். 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது 25,000 ரூபாய் ஆயிற்று. 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அளிக்கப்படுகின்றன. விண்ணப்பத்தை வருவாய்த்துறை அதிகாரி விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார். ஆட்சியர் அனுமதித்தபின் தொகை வழங்கப்படும். வழிமுறை எளிதெனினும், அதனை அறிந்த குடும்பங்கள் மிகக் குறைவாக இருந்தன. கோயம்புத்தூர் எலும்பு முறிவுச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் இக்குறையைக் கவனித்து உத்தரவிட்டது. அதன்படி, விபத்து அறிக்கை பதிவாகி ஒரு மாதத்துக்குள் மோதிய வாகனம் எதுவென்று தெரியவராவிடில், காவல் நிலையப் பொறுப்பதிகாரி பாதிக்கப்பட்டவருக்கோ அவருடைய சட்டப் பிரதிநிதிக்கோ இத்திட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம் என்று எழுத்து மூலம் தெரிவித்தாக வேண்டும். பட்டிபுலத்திலோ மதுராந்தகத்திலோ ஒரு வீட்டுக்கு வரும் அந்தக் கடிதத்தில், வாகனம் அடையாளம் காணப்படவில்லை என்ற வாசகமே அக்குடும்பத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் கோரும் உரிமையைத் தருகிறது.