ரயிலில் படிக்க ஒரு நூல்: பரிந்துரைத்தவர் யார்?

விடுமுறை நெருங்கும்போதெல்லாம் "ரயிலில் படிக்க எதை எடுத்துச் செல்லலாம், வீட்டில் படிக்க எதை வைத்துக்கொள்ளலாம்?" என்ற கேள்வி ஆய்வு மாணவர்களிடையே எழுகிறது. விடையாகப் பட்டியல்கள் வருகின்றன. பயணத்துக்கு மெல்லிய நூல், வீட்டுக்குக் கனமான நூல் என்பது அவற்றின் எழுதப்படாத விதி. இவ்விதிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை வகுத்ததில் வாசகரின் பங்கைவிட வணிகரின் பங்கே பெரிது.

லண்டன் யூஸ்டன் நிலையத்தில் டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் 1848இல் புத்தகக் கடை திறந்தது. பிரான்சில் அஷெத் பதிப்பகம் 1853இல் ரயில் பயணிகளுக்கெனத் தனி நூல்வரிசையே தொடங்கியது. அதே 1853 ஏப்ரல் 16 அன்றுதான் பம்பாயிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. எமில் மொரோவும் கூட்டாளிகளும் 1877இல் அலகாபாத்தில் ஏ. எச். வீலர் நிறுவனத்தைத் தொடங்கினர். வட இந்திய நடைமேடைகளில் 'வீலர்' என்றாலே புத்தகக் கடை என்றானது. தெற்கே அவ்விடத்தைப் பிடித்தது 1844இல் சென்னையில் தோன்றிய ஹிக்கின்பாதம்ஸ்.

வீலர் நிறுவனம் நூல்களை விற்றதோடு நிற்கவில்லை. பயணத்துக்கென நூல்களை உருவாக்கவும் செய்தது. 1888இல் வெளிவரத் தொடங்கிய 'இந்தியன் ரயில்வே லைப்ரரி' வரிசையின் முதல் ஆறு நூல்களை எழுதியவர் அலகாபாத் 'பயனியர்' இதழில் பணியாற்றிய ருட்யார்ட் கிப்ளிங். அப்போது அவருக்கு வயது 22. ஒவ்வொன்றும் சிறுகதைத் தொகுதி. விலை ஒரு ரூபாய். அட்டை வடிவமைப்பு அவருடைய தந்தை லாக்வுட் கிப்ளிங்குடையது. ஒரு கதையை ஒரு நிலையத்தில் தொடங்கி அடுத்த சில நிலையங்களுக்குள் முடித்துவிடலாம். பயணத்தின் அளவுக்கு நூலின் அளவு தைக்கப்பட்டது.

இவ்வரிசை யாரைப் பயணி எனக் கருதியது? ஆங்கிலம் வாசிப்பவரை, ஒரு ரூபாயைப் பொழுதுபோக்குக்குச் செலவிடக் கூடியவரை. 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. ரயிலில் சென்றோரில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினர். 'பயணி' என்ற ஒரே சொல் தண்டவாளத்தில் ஒரு கூட்டத்தையும் புத்தக அட்டையில் வேறொரு சிறு குழுவையும் குறித்து வந்திருக்கிறது.

சொற்களைக் கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். இத்தகைய நூல்களைப் பிரெஞ்சுக்காரர் 'ரோமான் த கார்', அதாவது நிலைய நாவல் என்றனர்; இடத்தால் பெற்ற பெயர். ஆங்கிலத்தில் அட்டையின் நிறத்தால் 'யெல்லோபேக்' என்றாயிற்று. இந்தியில் 'லுக்தி' இலக்கியம். லுக்தி என்றால் காகிதக் கூழ். தமிழில் அளவால் 'பாக்கெட் நாவல்'. இடம், நிறம், தாள், அளவு என எல்லாம் பெயருக்குள் வந்துவிட்டன. உள்ளே எழுதப்பட்டது மட்டும் வரவில்லை. வாசிக்கும் முன்பே மதிப்பிட்டுவிடும் பழக்கம் இப்பெயர்களிலேயே உறைந்திருக்கிறது.

இந்த மதிப்பீட்டுக்கு அடங்காத ஒரு ரயில் வாசிப்பு 1904இல் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்குப் புறப்பட்ட காந்தியிடம் நண்பர் ஹென்றி போலக் நிலையத்தில் ஒரு நூலைக் கொடுத்தார். அது ஜான் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்'. தமிழில் 'கடையனுக்கும் கடைத்தேற்றம்' என அறியப்படுவது. பொருளியல் பற்றிய கட்டுரைகள் என்பதால் எந்தக் கடைக்காரரும் அதைப் 'பயண நூல்' என நீட்டியிருக்க மாட்டார். பயணம் ஏறத்தாழ 24 மணி நேரம். காந்தி நூலைக் கீழே வைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் ஃபீனிக்ஸ் குடியிருப்பு உருவானது. 1908இல் அந்நூலின் சாரத்தை 'சர்வோதயா' என்ற தலைப்பில் குஜராத்தியில் எழுதினார். கடை பயணத்தின் நீளத்தைப் பார்த்தது; நண்பர் பயணம் செய்யும் மனிதரைப் பார்த்தார்.

ஆகவே என் பரிந்துரை இரண்டு சிறு நூல்கள். சேர்த்தே படிக்க வேண்டியவை. முதலாவது, கிப்ளிங்கின் ரயில்வே வரிசையில் வந்த 'தி பாண்டம் ரிக்‌ஷா' தொகுதி. அதிலுள்ள 'தி மேன் ஹூ வுட் பி கிங்' கதை ரயிலிலேயே தொடங்குகிறது. கையில் பணம் போதாமல் கதைசொல்லி இடைநிலை வகுப்பில் ஏறுகிறார். அங்கு மெத்தை கிடையாது என்பது அவர் குறை. இரண்டாவது, காந்தி 1917இல் எழுதிய 'தேர்டு கிளாஸ் இன் இண்டியன் ரயில்வேஸ்'. பம்பாயிலிருந்து சென்னைக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து அவர் ஏறிய பெட்டியில் 22 பேருக்கான இடமே இருந்தது. வழியில் பெரும்பகுதியும் 35 பேருக்குக் குறையவில்லை. கிப்ளிங்கின் கதைசொல்லிக்கு மேலே முதல் வகுப்பு தெரிகிறது. காந்தியின் பெட்டியில் தரையில் படுத்தவர்கள் தெரிகிறார்கள். ஒன்றை ரயிலிலும் மற்றதை வீட்டிலும் படியுங்கள். எதை எங்கே என்பது உங்கள் விருப்பம்.

ஒரு வேண்டுகோள். 1867ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டமும் அச்சான நூல்களின் படிகள் சேமிப்புக்கு வர வழிசெய்தன. ஆனால் நடைமேடையில் வாங்கி, படித்து, இருக்கையிலேயே விட்டுச்சென்ற மலிவுப் பதிப்புகள் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதை எந்தச் சட்டமும் பதிவுசெய்யாது. உங்கள் வீட்டு அலமாரியில் அப்படியொன்று எஞ்சியிருந்தால், எந்த மொழியாயினும், அதன் பெயரையும் வாங்கிய நிலையத்தையும் ஆண்டையும் விலையையும் கீழே எழுதுங்கள். யார் உங்களுக்கு அதைப் பரிந்துரைத்தார்கள் என்பதையும் சேர்த்து.