துப்பாக்கிப் பட்டறைகளும் பொதுக் கருவிகளும்

கருவியின்றிக் கம்மியன் இல்லை. உலையும் துருத்தியும், பட்டடையும் சுத்தியலும், அரமும் உளியுமாக வாழ்ந்து வந்த நம்மவர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், ஒரு நல்ல கருவி உடையவனுடைய பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடத்தல் தகுமோ, அன்றித் தொழிலறிந்த பலரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைத்தல் தகுமோ என்னும் கேள்வி நம் பட்டறைகளில் இன்றளவும் தீர்ந்தபாடில்லை. "என் அச்சை அடுத்தவன் பார்த்துவிட்டால் என் பிழைப்பு என்னாவது?" என்பார் ஒரு சாரார். "ஆளுக்கொன்று வாங்க அனைவருக்கும் வகை ஏது?" என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கை வாதத்தினால் தீர்ப்பதினும் சரித்திரத்தைக் கொண்டு தீர்ப்பது எளிது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் துப்பாக்கி செய்தோர் இக்கேள்விக்குக் கண்ட விடையை நம் அங்கத்தினர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்துகொள்ளுமாறு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முற்காலத்தில் துப்பாக்கி என்பது முழுவதும் கைவேலையாகவே இருந்தது. குழலை ஒருவர் அடிப்பார். கட்டையை ஒருவர் செதுக்குவார். குதிரை, வில், விசை முதலியன அடங்கிய பூட்டை மற்றொருவர் அரத்தால் அராவி ஒன்றோடொன்று பொருத்துவார். ஆதலால் ஒரு துப்பாக்கியின் குதிரை மற்றொரு துப்பாக்கிக்குச் சேராது. போர்க்களத்தில் ஒரு சிறு உறுப்பு ஒடிந்தாலும், கம்மியன் ஒருவன் இருந்து புதிதாக அராவிப் பொருத்தினாலன்றி அவ்வாயுதம் வெறுங் கட்டையே. இக்குறையை நீக்க முயன்றவருள் முதன்மையானவர் பிரான்சு தேசத்து ஓனோரே பிளாங்க் என்பவர். 1785-ம் வருஷத்தில் பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதராயிருந்த தாமஸ் ஜெபர்சன் அவருடைய பட்டறைக்குச் சென்றார். பிரித்து வைத்திருந்த உறுப்புகளிலிருந்து கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே சில பூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார், யாவும் பொருந்தின. அச்செய்தியை அவர் வியப்போடு தம் நாட்டிற்கு எழுதியனுப்பினார். பிளாங்கின் முறை பிரான்சில் வேரூன்றவில்லை. அமெரிக்காவிலோ அது விதையாய் விழுந்தது.

1794-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை சர்க்கார் ஆயுதசாலைகளை ஏற்படுத்தச் சட்டஞ் செய்தது. அதன்படி மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டிலும், வர்ஜீனியா மாகாணத்தில் ஹார்ப்பர்ஸ் பெர்ரியிலும் இரண்டு ஆயுதசாலைகள் எழுந்தன. சர்க்கார் தனிப்பட்ட பட்டறைகளுக்கும் ஒப்பந்த வேலை கொடுத்தது. 1798-ம் வருஷத்தில் எலை விட்னி என்பவர் 10,000 துப்பாக்கிகளை இரண்டு வருஷத்திற்குள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். ஆயினும் அவை முழுவதும் வந்து சேர 1809-ம் வருஷமாயிற்று. மாற்றிப் பொருத்தக்கூடிய உறுப்புகளைக் கண்டவர் அவரே என்று நெடுங்காலம் புகழப்பெற்றார். பிற்கால ஆராய்ச்சியாளர் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது, உறுப்புகள் உண்மையில் ஒன்றுக்கொன்று மாறவில்லை என்பது வெளியாயிற்று. புகழ் ஒருவர்க்கும் உழைப்புப் பலர்க்குமாக அமைவது உலகத்தில் புதிதன்று.

உண்மையான வேலை ஆரவாரமின்றி நடந்தது. 1813-ம் வருஷத்தில் கனெக்டிகட் மாகாணத்துச் சிமியன் நார்த் என்பவர் 20,000 கைத்துப்பாக்கிகள் செய்ய ஒப்பந்தஞ் செய்துகொண்டார். அவற்றுள் எதனுடைய உறுப்பும் மற்றெதற்கும் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. 1815-ம் வருஷத்தில் சர்க்கார் படைக்கல இலாகாவின் தலைவரும், இரண்டு ஆயுதசாலைகளின் தலைவர்களும், விட்னியும் நியூ ஹேவன் நகரில் கூடி, எல்லாத் துப்பாக்கிகளும் ஒரே மாதிரியாக அமைய வேண்டிய வழிகளை ஆலோசித்தனர். அவ்வாண்டில் ஸ்பிரிங்பீல்டின் தலைமையை ஏற்ற ராஸ்வெல் லீ, 1833 வரை அப்பதவியில் இருந்தார். நாம் சொல்ல வந்த பொருளுக்கு இவருடைய காலமே உயிர்நிலை.

லீயின் காலத்தில் ஸ்பிரிங்பீல்டு ஒரு பொதுச் சாவடி போலாயிற்று. ஒப்பந்தக்காரர் தம் பட்டறையில் கண்ட புது முறைகளைச் சர்க்கார் ஆயுதசாலைகளுக்கு மறைக்காமல் தெரிவிக்க வேண்டும் என்பது படைக்கல இலாகாவின் எதிர்பார்ப்பு. அதற்கு ஈடாக ஆயுதசாலையின் கதவுகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. மாதிரிகளையும் படங்களையும் ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். வேலையாட்களும் ஒரு பட்டறையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று, கற்றதைக் கையோடு கொண்டுபோயினர். வேலையை இழப்போமோ என்னும் அச்சத்தைச் சர்க்காரின் தொடர்ந்த ஒப்பந்தங்கள் ஒருவாறு தணித்தன.

கண்டுபிடித்தவன் இதனால் வஞ்சிக்கப்பட்டானோ என்று கேட்கலாம். தாமஸ் பிளாஞ்சர்டின் வரலாறு அதற்கு விடை. துப்பாக்கிக் கட்டை வளைந்தும் நெளிந்தும் இருப்பதால் அதனைக் கடைசல் பிடிக்க இயலாதென்றே அனைவரும் எண்ணியிருந்தனர். பிளாஞ்சர்டு 1819-ம் வருஷத்தில் உரிமை பெற்ற யந்திரத்தில், இரும்பால் செய்த மாதிரிக் கட்டையை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே செல்லும்; அது ஏறுமிடத்தில் ஏறி, இறங்குமிடத்தில் இறங்கி, மற்றொரு சக்கரம் மரத்தை அவ்வடிவாகவே வெட்டிவிடும். அவர் தம் யந்திரங்களை ஸ்பிரிங்பீல்டிலேயே அமைத்து நடத்தினார். துப்பாக்கி ஒன்றுக்கு 9 செண்டு வீதம் பெற்றார். பிற்காலத்தில் அவ்யந்திரமே பாதரட்சைக்குரிய மரக்கட்டைகளையும் கோடரிக் காம்புகளையும் செய்தது.

ஆயினும், கருவியைப் பகிர்ந்ததனால் மட்டும் உறுப்புகள் பொருந்திவிடா. அளவும் ஒன்றாதல் வேண்டும். இதனைத் தெளிவாகக் கண்டவர் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் ரைபிள் செய்த ஜான் ஹால் என்பவர். அவர் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அளவுக் கருவிகளை இரும்பில் அமைத்தார். வேலையாள் கையில் ஒரு தொகுதி. சோதிப்பவர் கையில் ஒரு தொகுதி. இவை தேய்ந்தனவா என்று ஒத்துப் பார்க்க, எவரும் வேலைக்கு எடுத்தாளாத மூலத் தொகுதி ஒன்று. 1828-ம் வருஷத்தில் சிமியன் நார்த்தும் கனெக்டிகட்டில் ஹாலின் ரைபிளைச் செய்ய ஒப்புக்கொண்டார். 1834-ம் வருஷத்தில் அவர் பட்டறை உறுப்புகளும் ஹார்ப்பர்ஸ் பெர்ரியின் உறுப்புகளும் தம்முள் மாற்றிப் பொருத்தக்கூடியனவாயின. பல நாட் பயணத் தொலைவில் இருந்த இரண்டு பட்டறைகள் ஒரே பட்டறைபோல் வேலை செய்தன.

இவ்வளர்ச்சி கண்ணீரின்றி வந்ததென்று கூறோம். ஹார்ப்பர்ஸ் பெர்ரியின் கம்மியர் தம் நேரத்தையும் வேலையையும் தாமே வகுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். துப்பாக்கியின் பல உறுப்புகளையும் தன் கையால் செய்தவன், ஒரே உறுப்பை நாள் முழுதும் யந்திரத்தில் இடுபவனாவது அவர்களுக்கு மானக்கேடாகத் தோன்றிற்று. கடுமையான ஒழுங்குகளைக் கொண்டுவந்த தலைவர் தாமஸ் டன் என்பவரை 1830-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், வேலையிழந்த கம்மியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். 1842-ம் வருஷத்தில், கடிகாரங் கொண்டு வேலை நேரத்தை அளக்கும் ஏற்பாட்டை எதிர்த்துக் கம்மியர்கள் வேலையை நிறுத்தி, படகேறித் தலைநகர் சென்று ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டனர். முறையீடு பலிக்கவில்லை. கொலையை நாம் வெறுக்கின்றோம். ஆனால் அம்மனிதர்களின் மனவருத்தத்தைப் பழித்தல் நம்மனோர்க்குத் தகாது. பகிர்வதனால் வரும் பயன் முதலாளிக்கும் சர்க்காருக்கும் மட்டும் சேர்ந்து, கைத்திறனுடையோன் கூலியாளாக மட்டும் நின்றால், அவன் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொள்வது இயல்பே.

1851-ம் வருஷத்தில் லண்டன் மாநகரில் நடந்த மகா கண்காட்சியில், வெர்மாண்ட் மாகாணத்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் பட்டறையார் மாற்றிப் பொருத்தக்கூடிய ஆறு ரைபிள்களை வைத்தனர். ஆங்கிலேயர் வியந்து, 1854-ம் வருஷத்தில் ஒரு குழுவை அமெரிக்காவிற்கு அனுப்பினர். ஸ்பிரிங்பீல்டில் அக்குழுவினர், 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கொன்றாகச் செய்த பத்துத் துப்பாக்கிகளைத் தாமே தெரிந்தெடுத்து, முற்றும் பிரித்து, உறுப்புகளைக் கலந்து பெட்டிகளில் இடச் செய்தனர். ஒரு வேலையாள் திருப்புளி ஒன்றை மட்டும் கைக்கொண்டு அவற்றை மீண்டும் பூட்டிக் காட்டினான். குழுவினர் 100-க்கு மேற்பட்ட யந்திரங்களை வாங்கி என்பீல்டு ஆயுதசாலையில் நிறுவினர். அம்முறையே பின்னர் இந்தியாவிற்கும் வந்தது. கல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூரில் 1904-ம் வருஷத்தில் அமைந்த ரைபிள் தொழிற்சாலை அதன் வழித்தோன்றல்.

ஆயுதசாலைகளில் பழகிய கைகள் ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை. தையல் யந்திரமும் சைக்கிளும் அவர்களால் பெருகின. இளமையில் ஸ்பிரிங்பீல்டில் வேலை செய்த ஹென்றி லேலண்டு பின்னர்க் காடிலாக் மோட்டார் தொழிற்சாலையை நடத்தினார். 1908-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் அவருடைய மோட்டார் வண்டிகள் மூன்றைப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மீண்டும் பூட்டி 500 மைல் ஓட்டிப் பார்த்தனர். பத்துத் துப்பாக்கிகளுக்கு 1854-ல் வைத்த சோதனையே இது என்பதை நேயர்கள் உணர்வர்.

உலைக்களத்தில் நிற்போர் மறவாமல் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1917-ம் வருஷத்தில் ஸ்பிரிங்பீல்டு ரைபிள்கள் சில சுடும்போதே வெடித்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, தோட்டா அழுத்தத்தைத் தாங்கும் இரும்புறுப்பைக் காய்ச்சிய சூடே மிகுந்து போனதெனக் கண்டனர். கைதேர்ந்த முதியவர்களே இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்துச் சூட்டை மதித்தனர். ஆனால் வெயில் எறிக்கும் நாளில், மேகம் மூடிய நாளைவிட மிகுந்த சூடும் சரியான சூடாகவே கண்ணுக்குத் தோன்றியது. வேறுபாடு பாரன்ஹீட் அளவில் 300 பாகை வரையில் இருந்ததாம். பின்னர் வெப்பமானி வைத்தனர். காய்ச்சிப் பதஞ் செய்யும் முறையையும் மாற்றினர். கண்ணின் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. கண்ணுக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்பதே பொருள்.

முதல் உலக யுத்தத்திற்குப் பின் சர்க்கார் பழைய ரைபிள்களைக் குறைந்த விலைக்குத் துப்பாக்கிச் சங்க அங்கத்தினர்க்கு விற்றது. இதனால் வேறு தொழில் செய்து வாழ்வோரும் ஓய்வு நேரத்தில் துப்பாக்கி வேலை பழகலாயினர். அன்னோர்க்கு வழிகாட்டிய எழுத்தாளருள் சிறந்தவர் டவுன்சென்ட் வீலன் என்னும் ராணுவ அதிகாரி. தோட்டா இருக்கும் அறையைத் துல்லியமாகச் சீவும் ரீமர் என்னும் கருவி விலை மிகுந்தது; ஓய்வு நேரத்தில் வேலை செய்பவனுக்கோ ஆயுளில் சில முறைதான் தேவைப்படுவது. ஆதலால் அதனைத் தம்முள் மாற்றிக்கொள்வது இத்துறையில் இயல்பாயிற்று. அத்தகைய கருவிகளை வாடகைக்கு அனுப்பும் நிலையங்களும் அந்நாட்டில் இன்று உண்டு. இரவல் பெற்றவன் ரீமரோடு அளவுக் கருவிகள் இரண்டையும் பெறுவான். ஒன்றின்மேல் துப்பாக்கியின் தாழ் மூட வேண்டும், மற்றொன்றின்மேல் மூடலாகாது. இவ்விரண்டும் ஒப்பினாலன்றி அவன் சுடுதல் கூடாது. ஹால் வகுத்த முறையே இங்கும் நின்று காக்கின்றது. வீலனும் அவர்தம் நண்பர்களும் 1920-களில் பழைய தோட்டா ஒன்றைத் திருத்தி அமைத்த ஹார்னெட் என்னும் சிறு தோட்டாவை, 1930-ம் வருஷத்தில் வின்செஸ்டர் கம்பெனியார் செய்து விற்கத் தொடங்கினர். அதற்கென்று தொழிற்சாலையில் செய்த ரைபிள் அப்பொழுது இல்லை. ஆர்வலர் மாற்றியமைத்த துப்பாக்கிகளே முதலில் அதனைச் சுட்டன.

நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி செய்தலும் பழுது பார்த்தலும் குற்றமாகும். ஆதலால் இவ்வரலாற்றிலிருந்து நம் இளைஞர் கொள்ளவேண்டியது துப்பாக்கியை அன்று. கருவியைப் பேணும் முறையையே. கடைசல் யந்திரமோ, துல்லியமான அளவுக் கருவியோ, ஆண்டுக்கு இருமுறை மட்டும் தேவைப்படும் ரீமரோ எதுவாயினும், நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் சுமை குறையும். ஆனால் மூன்று நியதிகள் வேண்டும். எடுத்தவன் கூர் கெடாமல் திருப்பித் தருதல் வேண்டும். கெட்டதை மறைக்காமல் கூறுதல் வேண்டும். எவரும் வேலைக்கு எடுத்தாளாத மூல அளவு ஒன்று பொறுப்புள்ள ஒருவரிடம் இருத்தல் வேண்டும். இவற்றோடு, பொதுக் கருவியால் வந்த ஆதாயம் கைத்திறனுடையோனுக்கும் சேருமாறு பார்த்துக்கொள்வது பெரியோர் கடன்.

ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலை 1968-ம் வருஷத்தில் மூடப்பட்டு, இப்பொழுது காட்சிசாலையாக விளங்குகின்றது. ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் பட்டறைக் கட்டடமும் பழைய யந்திரங்களைக் காக்கும் காட்சிசாலையாயிற்று. மகனுக்கும் சொல்லாமல் தந்தையோடு மறைந்த பணிமுறைகள் நம் குடும்பங்களில் எத்தனையோ உண்டு. அவற்றைக் காட்ட ஒரு காட்சிசாலையும் இல்லை. எஞ்சியிருப்பவற்றையேனும் முதியோர் இளையோர்க்குக் கருவியோடும் அளவோடும் கையளிப்பாராக.