மூல நிரலில் கைவைக்காத விதிகள்

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சனுக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் வீணாய்ப் போனது. பிழையை அவர் ஏற்கெனவே திருத்திவிட்டார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாததால் பழைய ஆப்ஜெக்ட் கோப்பே ஓடிக்கொண்டிருந்தது. விதியை நொந்தபடி அவர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். முந்தின நாள் மாலைதான் ஃபெல்ட்மனும் அதே தொல்லையில் சிக்கியிருந்தார். அந்தப் பேச்சிலிருந்து 'மேக்' உருவானது. எது எதைச் சார்ந்தது என்று மேக்ஃபைலில் எழுதிவைத்தால் போதும், மாறியதை மட்டும் அது புதுப்பித்துக்கொள்ளும்.

மூலமும் விளைவும் ஒரே டைரக்டரியில் கிடக்கும் என்பதே அன்றைய வழக்கம். 1980-களில் அது இடித்தது. சன் நிறுவனத்தின் என்எஃப்எஸ் வந்தபின், வெவ்வேறு வகைக் கணினிகள் ஒரே மூல நிரலை நெட்வொர்க் வழியே பகிர்ந்துகொள்ள முடிந்தது. ஒன்றுக்கான ஆப்ஜெக்ட் கோப்பு இன்னொன்றுக்கு உதவாது. எனவே ஒவ்வொன்றுக்கும் தனி டைரக்டரி தேவைப்பட்டது. மூலத்தில் எதுவும் எழுதப்படக் கூடாது.

இதற்காக மேக்கில் சேர்ந்த 'விபாத்' என்ற மாறி பாதி வேலையைத்தான் செய்தது. கண்முன் இல்லாத கோப்பை எங்கே தேடலாம் என்று அது மேக்குக்குச் சொல்லும். ஆனால் மேக்ஃபைல் விதியிலுள்ள கட்டளையை ஓட்டுவது ஷெல். அதற்கு விபாத் என்றால் என்னவென்றே தெரியாது. குனு நிரல் நெறிமுறைகளில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 'ஃபூ.மேன்' என்ற கோப்பை 'செட்' கட்டளையால் மாற்றி 'ஃபூ.1' ஆக்கும் விதி அது. தனி டைரக்டரியில் ஓட்டினால், ஃபூ.மேன் எங்கே இருக்கிறது என்பதை மேக் கண்டுபிடித்துவிடும். ஆனால் செட், தான் நிற்கும் இடத்திலேயே தேடிவிட்டு, கோப்பு இல்லை என்று கைவிரிக்கும். கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்னால் 'எஸ்ஆர்சிடிர்' என்ற மாறியைச் சேர்த்தால் சரியாகிவிடும். சின்னத் திருத்தம்தான், ஆனால் பழைய மேக்ஃபைல்களில் வரிக்கு வரி செய்ய வேண்டியிருந்தது.

கைவிரிக்கும் விதியாவது நல்லது, பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும். சத்தமில்லாமல் தப்பும் விதிதான் ஆபத்து. மூல டைரக்டரியில் யாரோ முன்பு ஒருமுறை கம்பைல் செய்து, அமைப்புகளைத் தாங்கும் 'கான்ஃபிக்.ஹெச்' ஹெடர் கோப்பு அங்கேயே தங்கிவிட்டது என்று கொள்வோம். மேற்கோள் குறிக்குள் பெயர் கொடுத்த ஹெடரை, கம்பைலர் முதலில் அதைக் கேட்ட கோப்பின் பக்கத்திலேயே தேடும். புதிய அமைப்பு வெளி டைரக்டரியில் காத்திருக்க, பழையதே உள்ளே போய்விடும். கோண அடைப்புக் குறி போடுங்கள் என்று 'ஆட்டோகான்ஃப்' கருவியின் கையேடு அறிவுறுத்துவது இதனால்தான். பழைய ஆப்ஜெக்ட் கோப்பு மூலத்தில் கிடந்தால், விபாத்தே அதைக் கண்டெடுத்து, எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்று மேக்கை நம்பவைத்துவிடும். ஜான்சனை அலைக்கழித்த அதே வியாதி!

1991 கோடையில் டேவிட் மெக்கென்சி அந்த ஆட்டோகான்ஃபைத் தொடங்கினார். மூலம் எங்கிருக்கிறது என்பதை அது உருவாக்கும் 'கான்ஃபிகர்' நிரலே கண்டறிந்து மேக்ஃபைலில் நிரப்பிவிடும். பின்னால் வந்த ஆட்டோமேக்கின் 'டிஸ்ட்செக்' கட்டளைதான் இந்த வரலாற்றில் ஆகச் சிறந்த யோசனை. வெளியிடவிருக்கும் பொதியைப் பிரித்து, மூல டைரக்டரியின் எழுதும் உரிமையைப் பறித்து, வேறொரு டைரக்டரியிலிருந்து கம்பைல் செய்து பார்க்கும். ஒரே ஒரு விதி மூலத்தில் எழுத முயன்றாலும் அங்கேயே பிடிபடும். அதுவரை நல்லொழுக்கமாக மட்டும் இருந்தது, அன்றுமுதல் சோதித்துப் பார்க்கக்கூடியதாயிற்று.

மூலத்துக்கு வெளியே ஒரு டைரக்டரியில் கம்பைல் செய்யுமாறு ஜிசிசி கம்பைலரின் ஆவணங்கள் வலியுறுத்துகின்றன. லினக்ஸ் கெர்னலில் 'ஓ' என்ற மாறியில் வெளி டைரக்டரியின் பெயரைக் கொடுக்கலாம். மூலத்தில் பழைய மிச்சம் இருந்தால் கெர்னலின் மேக்ஃபைல் வேலையைத் தொடங்காமல், முதலில் 'எம்ஆர்ப்ராப்பர்' ஓட்டித் துடைத்துவிட்டு வரச் சொல்லும். 2013-ல் வெளிவந்த மெசான் என்ற கருவி இன்னும் கறார். மூல டைரக்டரிக்குள்ளேயே கம்பைல் செய்வதை அது அனுமதிப்பதே இல்லை.